வீட்டுச் சுவருக்கு சாமி படம் தந்த ரவிவர்மா

தாமரையில் நிற்கும் லட்சுமி. பக்கத்தில் மாலை ஏந்திய யானை. மடியில் வீணையுடன் அமர்ந்திருக்கும் சரஸ்வதி; அருகே மயில்.

கல்லாப்பெட்டிக்கு மேலும் பூஜை மாடத்திலும் நாம் கும்பிடும் இந்த உருவங்களை வரைந்தவர் ரவிவர்மா. அவை லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர வழி பிறந்தது அன்றைய பம்பாயில்.

சுவரில் கரிக்கோடு

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந்தேதி பிறந்தார் ரவிவர்மா. தாயார் உமையாம்பா பாட்டு இயற்றுவதில் வல்லவர். தாய்மாமன் ராஜராஜ வர்மா ஓவியர். மருமகன் சுவரில் கரித்துண்டால் கிறுக்கியதைக் கண்டு மாமன் கோபப்படவில்லை. தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

14 வயதில் ரவிவர்மாவைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் சேர்த்தார்.

தைல வண்ணம் அப்போது புதிய வித்தை. அரண்மனையில் அதை அறிந்திருந்த தமிழ் ஓவியர் ராமசாமி நாயக்கர், தனக்குப் போட்டியாக வருவான் என்று எண்ணி, சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து உதவினார் என்பார்கள்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் மகாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத்தர மனமில்லாதவர். பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. ரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது!

1873-ல், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அதே படம் வியன்னாவிலும் பரிசு பெற்றது. துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையின் ஓவியத்தைச் சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு வாங்கினார்.

தேவிக்கு என்ன உடை?

பரோடா மகாராஜா சாயாஜிராவ், புராணக் காட்சிகளை 14 ஓவியங்களாக எழுதித் தரும்படி கேட்டார். தமயந்திக்கும் சீதைக்கும் எந்த ஊர் உடையை உடுத்துவது? இந்தக் கேள்வி ரவிவர்மாவை அலைக்கழித்தது. தம்பி ராஜராஜ வர்மாவுடன் வடநாடெங்கும் சுற்றினார். கடைசியில் புடவைதான் பொருத்தம் என்று முடிவு செய்தார். சிறு வயதிலிருந்து பார்த்த கதகளியும் நாடகமும் படத்தில் நிற்கும் நிலைக்கு உதவின. முகங்களோ, அவர் நேரில் கண்ட பெண்களின் முகங்கள்.

அந்த 14 படங்களும் பரோடா போகுமுன் பம்பாயில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது.

அரண்மனைச் சுவரில் மாட்டிய படத்தை எத்தனை பேர் பார்க்க முடியும்? கோவிலுக்குள்ளேயே கால் வைக்க விடாமல் பலரைத் தடுத்து வைத்திருந்த காலம் அது. படங்களை அச்சிட்டுப் பரப்பும்படி, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி.மாதவராவ் முன்பே கடிதம் எழுதியிருந்தார்.

கடனில் முடிந்த அச்சகம்

1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. ஜெர்மனியில் இருந்து இயந்திரங்களும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் வந்தனர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் பல கற்களில் அழுந்தி எழுந்தால்தான் ஒரு லட்சுமி பிறப்பாள். சகுந்தலையின் பிறப்புதான் அங்கே அச்சான முதல் படம்.

பிளேக் நோய் பம்பாயை உலுக்கிய பிறகு, அச்சகம் லோனாவாலா அருகே மலவ்லிக்கு இடம்பெயர்ந்தது. படங்கள் விற்றன, ஆனாலும் கடன் ஏறியது. நூற்றாண்டின் தொடக்கத்தில், தன்னிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைசரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார் ரவிவர்மா. படங்களை வெளியிடும் உரிமையும் சேர்ந்தே போயிற்று. கணக்கு வழக்கு பார்க்கும் சாமர்த்தியம் அவருக்கு வாய்க்கவில்லை. பிறகு சினிமாவுக்கு முன்னோடியான தாதாசாகிப் பால்கேயும் அந்த அச்சகத்துக்காகச் சில காலம் வேலை செய்தவர்.

1905 ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். பயணத்திலும் படம் எழுதுவதிலும் அண்ணனுக்கு வலது கை அவர்தான். நீரிழிவு நோயும் வாட்ட, 1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி ரவிவர்மா காலமானார்.

1972-ல் மலவ்லி அச்சகம் தீயில் எரிந்தது. பல படங்கள் சாம்பலாயின. 1979-ல் அவருடைய ஓவியங்கள் தேசியக் கலைப் பொக்கிஷம் என்று மத்திய அரசால் அறிவிக்கப்பட்டன. அவற்றை இனி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.