பிலிப் பினெல்: சங்கிலிகள் அகன்ற வரலாறு

மனநல மருத்துவத்தின் முன்னோடி எனப் பாடநூல்கள் போற்றும் பிலிப் பினெல், 1745ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் தென் பிரான்சில், அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். முதலில் சமயக் கல்வி பயின்ற அவர், பின்னர் மருத்துவத்திற்கு மாறி 1773இல் துலூஸ் நகரில் பட்டம் பெற்றார். 1778இல் பாரிஸ் சென்றபோது அப்பட்டத்தைக் கொண்டு அங்கே தொழில் நடத்த இயலவில்லை. மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், கணிதம் கற்பித்தும், மருத்துவ இதழொன்றைத் தொகுத்தும் பல ஆண்டுகள் வாழ்க்கை நடத்தினார்.

அக்காலத்தில் அவருடைய இளம் நண்பர் ஒருவர் மனநோய்க்கு ஆளானார். ஓர் இரவு வீட்டை விட்டு வெளியேறிய அவர், பின்னர் காட்டில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். இத்துயரமே பினெலின் கவனத்தை மனநோயின்பால் திருப்பியது. பாரிசின் தனியார் மனநல இல்லம் ஒன்றில் சில ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்த பின், 1793இல், பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்தபோது, பிசெத்ர் என்னும் ஆடவர் காப்பகத்தின் மருத்துவராக நியமிக்கப்பட்டார். மனநோயாளர்கள் சுமார் 200 பேர் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் சிலர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர்.

பினெல் அங்கு நுழைந்ததும் சங்கிலிகளை உடைத்தெறிந்தார் என்றொரு கதை பரவலாக வழங்குகிறது. ஓவியங்களும் அவ்வாறே காட்டுகின்றன. ஆனால் நிகழ்ந்தது வேறு. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தவர் ழான்-பத்தீஸ்த் புசேன். தோல் பதனிடும் தொழிலாளியான இவர், கண்டமாலை நோயுடன் பிசெத்ரில் நோயாளியாகச் சேர்ந்து, குணமடைந்தபின் அங்கேயே பணியாளரானவர். மருத்துவக் கல்வி பெறாதவர். நோயாளியை எந்தப் பணியாளரும் அடிக்கலாகாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. மீறியவர்களை வேலையிலிருந்து நீக்கினார். குணமடைந்து வந்தவர்களையே பணியாளர்களாக அமர்த்தினார். நோயின் துன்பத்தை அறிந்தவர் கை ஓங்கத் தயங்குவார் என்பது அவருடைய அனுபவம். அவருடைய மனைவி மார்கரீத்தும் இப்பணியில் துணை நின்றார். இன்று மனநலச் செவிலியம் எனப்படுவதன் வேர்களுள் ஒன்று இந்தத் தம்பதியரிடம் இருக்கிறது என்பது என் கருத்து.

பிசெத்ரில் சங்கிலிகளை அகற்றியவரும் புசேனே. அது நடந்தது 1797இல். பினெல் 1795லேயே சால்பெத்ரியேர் என்னும் மகளிர் மருத்துவமனைக்கு மாறிச் சென்றிருந்தார். சங்கிலிக்குப் பதிலாகக் கைகளை உடலோடு அடக்கும் துணிச் சட்டையே பயன்படுத்தப்பட்டது. ஆகவே கட்டுப்பாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதன் கொடுமை குறைந்தது. பினெலின் பெருமை, புசேனின் பணியைக் கூர்ந்து நோக்கி, அதனிடமிருந்து கற்றுக்கொண்டு, தம் நூலில் அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதியதில் இருக்கிறது. 1802இல் புசேனைச் சால்பெத்ரியேருக்கும் வரவழைத்துக்கொண்டார்.

நம் நாட்டிலும் இது பழங்கதை அன்று. 2001 ஆகஸ்ட் 6இல் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஏற்பட்ட தீவிபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்பிக்க வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 95இன்படி, மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் தடை செய்யப்பட்டுள்ளது. கட்டி வைத்தாலன்றிச் சமாளிக்க இயலாது என்ற நிலைக்குத் தள்ளப்படும் குடும்பத்தினர், 14416 என்னும் டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பினெலின் சிகிச்சை முறை எளிமையானது. இரத்தம் வடித்தலையும் அளவற்ற பேதி மருந்துகளையும் அவர் நம்பவில்லை. ஒவ்வொரு நோயாளியிடமும் திரும்பத் திரும்பச் சென்று பேசினார். கேட்டதையும் கண்டதையும் குறித்து வைத்தார். ஒழுங்கான அன்றாட வாழ்க்கை, இயன்ற வேலை, கனிவும் உறுதியும் கலந்த அணுகுமுறை ஆகியவற்றை வலியுறுத்தினார். 1801இல் வெளியான அவருடைய நூல் இக்குறிப்புகளிலிருந்து பிறந்தது.

அந்நூலில் வரும் தையற்காரர் ஒருவரின் வரலாறு பராமரிப்பாளர்கள் அறியத்தக்கது. மன்னருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைக் குறித்து அவர் ஏதோ பேசிவிட்டார். அதனால் தம் தலையும் வெட்டப்படும் என்ற அச்சம் அவரை விட்டு அகலவில்லை. உணவும் உறக்கமும் நீங்கின. மற்ற நோயாளிகளின் துணிகளைத் தைக்கும் வேலையைச் சிறு கூலியுடன் அவருக்கு அளித்தபோது நன்கு தேறினார். வேலை நின்றதும் நோய் திரும்பியது. பின்னர் பினெல் ஒரு நாடகம் நடத்தினார்: மருத்துவர்கள் நீதிபதிகளாக வேடமிட்டு வந்து விசாரித்து, அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தனர். அச்சம் நீங்கியது. ஆனால் அது பொய் விசாரணை என்பதை யாரோ ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டார். நோய் மீண்டும் பற்றியது, பிறகு தீரவேயில்லை. உணவில் மறைத்து மருந்து கொடுக்கலாமா என்று வெளிநோயாளர் பிரிவில் உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் இந்தத் தையற்காரரே என் நினைவுக்கு வருகிறார். இத்தோல்வியை மறைக்காமல் பினெலே பதிவு செய்திருக்கிறார்.

புசேன் 1811இல் காலமானார். 1822இல் அரசு மருத்துவக் கல்லூரியை மாற்றியமைத்தபோது பினெல் தம் பேராசிரியர் பதவியை இழந்தார். ஆயினும் சால்பெத்ரியேரை விட்டு நீங்கவில்லை. 1826 அக்டோபர் 25இல் தம் 81ஆம் வயதில் மறையும்வரை அம்மருத்துவமனையின் மருத்துவராகவே இருந்தார்.