சூசன்னாவின் மலர்

1627 இல் ஜேர்மனியின் ஹெசன் பகுதியிற் பிறந்த கியோர்க் எபர்ஹார்ட் ரும்பியுஸ், 1652 இன் இறுதியில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் போர்வீரராகக் கப்பலேறினார். பின்னர் பிறந்த மண்ணை அவர் காணவேயில்லை. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே கம்பனிதான். இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றான அம்பொனில், கராம்பு விளையும் மண்ணில், அவர் அக்கம்பனியின் வணிக அலுவலரானார்.

கடமை போக எஞ்சிய பொழுதெல்லாம் அவருக்குக் காடே கல்விக்கூடம். மூலிகையும் செடியும் தேடிச் செல்கையில் மனைவி சூசன்னா துணையாயிருந்தார். பெருமரக் கிளைகளைப் பற்றி வளரும் ஓர்க்கிட்டுகளைத் தாவரங்களுள் பிரபுக்கள் என்று ரும்பியுஸ் கருதினார். மலைக்கோட்டையில் வாழும் பிரபுக்களைப்போல அவையும் மண்ணில் இறங்காது உயரத்தில் வாழ்கின்றனவாம்! இன்று ஐரோப்பியப் பூக்கடைகளிற் தொட்டிதோறும் காணப்படும் வெண்ணிற ஓர்க்கிட்டின் மூதாதையை ஐரோப்பியருள் முதலில் விவரித்தவர் அவரே. இதழ்களின் புள்ளிகள் எழுத்துக்களைப் போலத் தோன்றிய வேறொன்றை எழுத்து ஓர்க்கிட் எனப் பொருள்படப் பெயரிட்டார்.

1670 இற் கண்பார்வை முற்றாகப் போயிற்று. அதன்பின் காட்டிலிருந்து பிறர் கொணர்ந்தவற்றை விரலாலும் நாசியாலும் அறிந்தார்; அவர் சொல்லப் பிறர் எழுதினர். 1674 பெப்ரவரி 17 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சூசன்னாவும் ஒரு மகளும் மாண்டனர்.

நிலத்தில் முளைத்து நறுமணம் வீசும் பெரிய வெள்ளை ஓர்க்கிட் ஒன்றுண்டு. அதனை ரும்பியுஸுக்கு முதன்முதலிற் காட்டியவர் சூசன்னா. தம் நூலில் அம்மலருக்கு அவர் மனைவியின் பெயரையே இட்டார்; காரணத்தையும் எழுதிவைத்தார்.

அந்நூல் பட்ட பாடு பெரிது. 1687 இல் ஊரை எரித்த தீ, ஓவியங்களைத் தின்றது. மீண்டும் வரையச் செய்து அனுப்பிய கையெழுத்துப் பிரதி, 1692 இற் பிரெஞ்சுக்காரர் தாக்கிய கப்பலுடன் கடலில் ஆழ்ந்தது. பத்தாவியாவில் ஆளுநர் நாயகம் கம்பூய்ஸ் முன்னெச்சரிக்கையாக ஒரு படி எடுத்து வைத்திருந்தமையால் உழைப்புத் தப்பியது. 1696 இல் அப்படி நெதர்லாந்தை அடைந்ததும் கம்பனி அதனை அச்சேற்ற மறுத்தது. போட்டியாளர் பயனடைந்துவிடுவர் என்ற அச்சம். தீயும் கடலும் செய்யாததைக் கணக்குப்பிள்ளைப் புத்தி செய்தது.

1702 இல் ரும்பியுஸ் அம்பொனிலேயே இறந்தார். நூலின் முதற் தொகுதி வெளிவந்தது 1741 இல். 1753 இல் உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயரிடப் புகுந்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ், அவ்வெள்ளை மலருக்குப் புதுப்பெயர் தேடவில்லை. சூசன்னா என்பதையே வைத்துக்கொண்டார். இன்று அதன் தாவரவியற் பெயர் பெக்ரெய்லிஸ் சூசன்னே.