மேரி மெக்லவுட் பெத்தூன்

மேரி மெக்லவுட் பெத்தூன் (ஜூலை 10, 1875 – மே 18, 1955) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கல்வியாளரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். முன்னாள் அடிமைகளின் மகளாகப் பிறந்த இவர், புளோரிடா மாநிலத்தின் டேடோனா நகரில் கறுப்பினப் பெண் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சிறு பள்ளி பின்னர் பெத்தூன்-குக்மன் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட்டின் ஆட்சியில், ஏழை இளைஞர்கள் படிப்பைத் தொடரவும் வேலைக்குச் செல்லவும் அரசு உதவித்தொகை வழங்கிய தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பின இளைஞர்களுக்கான பிரிவின் இயக்குநராக 1936 முதல் 1943 வரை பணியாற்றினார். ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசின் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண் இவரே.

பிறப்பும் இளமையும்

மேரி, தென் கரோலினா மாநிலத்தின் மேய்ஸ்வில் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை சாமுவேல் மெக்லவுட், தாய் பாட்சி. இருவரும் உள்நாட்டுப் போர் முடியும்வரை அடிமைகளாக வாழ்ந்தவர்கள். இவர்களுக்குப் பிறந்த 17 பிள்ளைகளில் மேரி 15ஆவது. விடுதலைக்குப் பின் குடும்பம் சிறிது நிலம் வாங்கிப் பருத்தி பயிரிட்டது. மேரியும் சிறுவயதிலேயே பருத்தி வயலில் வேலை செய்தார்.

தாயுடன் ஒரு வெள்ளையர் வீட்டிற்குச் சென்றபோது அங்கிருந்த நூல் ஒன்றை மேரி கையில் எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று கூறி அவ்வீட்டுச் சிறுமி நூலைப் பறித்துக்கொண்டாள். எழுத்தறிவே தம் இனத்தாருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான வேறுபாடு என்ற எண்ணம் அன்று தமக்கு ஏற்பட்டதாக மேரி பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

கல்வி

மேய்ஸ்வில்லில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை கறுப்பினக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியை நடத்தியது. மேரி நாள்தோறும் பல மைல் தூரம் நடந்து சென்று அங்குப் படித்தார். அவருடைய குடும்பத்தில் பள்ளிக்குச் சென்ற முதல் பிள்ளை அவரே. மாலையில் வீடு திரும்பியதும் தாம் கற்றதைக் குடும்பத்தாருக்கும் கற்பித்தார். ஆசிரியை எம்மா வில்சனின் முயற்சியால் மேற்படிப்புக்கு வழி பிறந்தது. டென்வர் நகரைச் சேர்ந்த மேரி கிரிஸ்மன் என்ற பெண் தம் சிறு வருவாயிலிருந்து அளித்த உதவித்தொகையைக் கொண்டு, வட கரோலினாவின் கான்கார்டு நகரில் இருந்த ஸ்கோஷியா மகளிர் கல்லூரியில் 1888 முதல் 1894 வரை பயின்றார். முன்பின் அறியாத ஒருவர் தந்த சிறு தொகை ஒரு வாழ்க்கையின் திசையை மாற்றக்கூடும் என்பதை மேரி தம் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்.

பின்னர் சிகாகோவில் டுவைட் மூடி நிறுவிய விவிலியப் பள்ளியில் ஓராண்டு படித்தார். ஆப்பிரிக்காவில் சமயப் பணி புரிய விண்ணப்பித்தபோது, அங்குக் கறுப்பினத்தவருக்கு இடம் இல்லை எனத் திருச்சபை மறுத்துவிட்டது. இதனால் அவர் ஆசிரியப் பணிக்குத் திரும்பினார். ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் லூசி லேனி நடத்திய பள்ளியில் கற்பித்த காலம், ஒரு கறுப்பினப் பெண்ணே பெரிய பள்ளியை நிறுவி நடத்த முடியும் என்பதை அவருக்கு உணர்த்தியது. 1898இல் ஆல்பர்ட்டஸ் பெத்தூனை மணந்தார். 1899இல் ஒரு மகன் பிறந்தான். கணவர் 1907இல் குடும்பத்தைப் பிரிந்து சென்றார்.

டேடோனா பள்ளி

1904 அக்டோபரில் டேடோனாவில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு வீட்டில் மேரி தம் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவர் கையில் இருந்தது ஒன்றரை டாலர். ஐந்து சிறுமிகளும் அவருடைய மகனும் முதல் மாணவர்கள். எறியப்பட்ட மரப்பெட்டிகள் இருக்கைகளாயின. எல்டர்பெரிப் பழச்சாறு மையாகப் பயன்பட்டது. மாணவிகளும் ஆசிரியையும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் செய்து விற்றுப் பணம் சேர்த்தனர். குப்பை கொட்டும் இடமாக இருந்த நிலத்தை வாங்கி, 1907இல் முதல் கட்டடத்தை எழுப்பினர். சோப்பு உற்பத்தி நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கேம்பிள், தையல் இயந்திர உற்பத்தியாளர் தாமஸ் ஒயிட் முதலிய செல்வர்கள் பள்ளிக்குப் பொருளுதவி செய்தனர்.

அக்காலத்தில் கறுப்பினத்தவருக்கு எத்தகைய கல்வி தேவை என்பது குறித்துக் கடும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. புக்கர் வாஷிங்டன் கைத்தொழிற் பயிற்சியை வலியுறுத்தினார். டு பாய்ஸ் உயர்கல்வியை வலியுறுத்தினார். மேரியின் பள்ளி சமையல், தையல், செவிலியர் பணி ஆகியவற்றில் தொடங்கி, படிப்படியாக உயர்நிலைப் பாடங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. கறுப்பினத்தவரை ஏற்க நகர மருத்துவமனைகள் தயங்கிய நிலையில், 1911இல் பள்ளியின் அருகே சிறு மருத்துவமனை ஒன்றையும் அவர் நிறுவினார். 1923இல் ஜாக்சன்வில்லில் இருந்த குக்மன் ஆண்கள் நிறுவனத்துடன் பள்ளி இணைந்தது. 1931இல் பெத்தூன்-குக்மன் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. 1942 வரையிலும், மீண்டும் 1946-47இலும் மேரி அதன் தலைவராக இருந்தார்.

இக்காலத்தில் கறுப்பினப் பெண்களின் அமைப்புகளிலும் முன்னணியில் நின்றார். 1924 முதல் 1928 வரை கறுப்பின மகளிர் சங்கங்களின் தேசிய அமைப்புக்குத் தலைவராக இருந்தார். 1935இல் நீக்ரோ மகளிர் தேசியப் பேரவையை நிறுவினார். 1927இல் ஏற்பட்ட எலினோர் ரூசவெல்ட்டின் நட்பு, பின்னர் வெள்ளை மாளிகையில் அவருடைய குரல் கேட்கப்படுவதற்குத் துணைபுரிந்தது.

தேசிய இளைஞர் நிர்வாகம்

1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி இளைஞர்களையே மிகக் கடுமையாகத் தாக்கியது. வறுமையால் பலர் பள்ளியை விட்டு விலகினர். விலகியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அனுபவம் உள்ளவர்களே வேலையின்றி இருந்தபோது, அனுபவம் இல்லாதவர்களை எவரும் அழைக்கவில்லை. இந்நிலையில் 1935 ஜூன் 26 அன்று ரூசவெல்ட் ஓர் ஆணையின் வழியாகத் தேசிய இளைஞர் நிர்வாகத்தை உருவாக்கினார். முதலாண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அலபாமாவைச் சேர்ந்த ஆப்ரி வில்லியம்ஸ் அதன் தலைவரானார்.

இதன் உதவி இரு வகைப்பட்டது. முதலாவது, படித்துக்கொண்டிருக்கும் ஏழை மாணவர்களுக்கானது. உயர்நிலைப் பள்ளி மாணவர் மாதத்திற்கு 6 டாலர் வரை பெற்றார். கல்லூரி மாணவருக்குச் சராசரியாக 15 டாலர் கிடைத்தது. இதற்கு ஈடாக நூலகம், ஆய்வகம், அலுவலகம், பள்ளி வளாகம் ஆகியவற்றில் சில மணி நேரம் வேலை செய்தனர். தொகை சிறிதாயினும் காலணி, நூல், பேருந்துக் கட்டணம், மதிய உணவு ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. இரண்டாவது, படிப்பை விட்டு வேலையின்றி இருந்தோருக்கானது. இவர்கள் கட்டடம், பூங்கா, பட்டறை போன்ற பொதுப்பணிகளில் பகுதிநேரக் கூலிக்கு வேலை செய்து தொழிலையும் கற்றனர்.

மேரி முதலில் நிர்வாகத்தின் தேசிய ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். 1936இல் குழுவினர் குடியரசுத் தலைவரைச் சந்தித்தபோது, மாதம் பதினைந்து டாலர் ஓர் ஏழைக் கறுப்பின மாணவருக்கு எத்தகைய வேறுபாட்டைத் தருகிறது என்பதை உருக்கமாக விளக்கினார். அவ்வாண்டிலேயே கறுப்பின இளைஞர்களுக்கான தனி அலுவலகம் அவர் பொறுப்பில் அமைந்தது. 1939இல் அது நீக்ரோ விவகாரப் பிரிவு என்னும் பெயர் பெற்றது.

பங்கீட்டுச் சிக்கல்

பணத்தைப் பிரித்தளிக்கும் அதிகாரம் பெரும்பாலும் மேரியிடம் இல்லை. மாநில இயக்குநர்களே திட்டங்களை நடத்தினர். பள்ளித் தலைமையாசிரியர்களே உதவி பெறும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தனர். தென் மாநிலங்களில் இயக்குநர்கள் அனைவரும் வெள்ளையர். மக்கள்தொகையில் கறுப்பினத்தவருக்குள்ள விகிதத்தின்படி மாணவர் உதவியில் அவர்களுக்குப் பங்கு கிடைக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கொள்கையாயிற்று. ஆயினும் இக்கொள்கையில் ஒரு குறை இருந்தது. வறுமை கறுப்பினத்தவரிடையே மிகுதியாக இருந்ததால், விகிதப்படியான பங்கு தேவைக்குப் போதவில்லை.

மற்றொரு தடையும் இருந்தது. மாணவர் உதவி பள்ளியின் வழியாகவே வந்தது. தென் மாநிலங்களின் பல வட்டாரங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென அரசு உயர்நிலைப் பள்ளியே இல்லை. பள்ளி இல்லாத இடத்தில் உதவித்தொகையைப் பெறுவதற்கு மாணவரும் இல்லை. எழுத்தளவில் அனைவருக்கும் பொதுவான திட்டம், மிகவும் தேவைப்பட்டவர்களையே எட்டாமல் போயிற்று.

இக்குறைகளைக் களைய மேரி இரு வழிகளைக் கையாண்டார். முதலாவதாக, மாநில அலுவலகங்களில் கறுப்பின உதவி அலுவலர்களை நியமிக்குமாறு இடைவிடாது வற்புறுத்தினார். விண்ணப்பங்கள் மறுக்கப்படும் இடத்திலேயே அவற்றுக்காகப் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவரது கருத்து. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகையோர் நியமிக்கப்பட்டனர். இரண்டாவதாக, வழக்கமான ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காத கறுப்பினக் கல்லூரி மாணவர்களுக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் ஒரு சிறப்பு நிதியைப் பெற்றார். இந்நிதியை மட்டும் அவர் நேரடியாக நிர்வகித்தார். 1943 வரை 6 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை, 4,000க்கும் அதிகமான மாணவர்களுக்கு இதன்வழி வழங்கப்பட்டது. தென் மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த காலத்தில், பட்டமேற்படிப்புக்காக வேறு மாநிலம் செல்வோருக்கு இது பேருதவியாக இருந்தது.

கருப்பு அமைச்சரவை

1936 ஆகஸ்டில், அரசின் பல துறைகளில் பணியாற்றிய கறுப்பின அலுவலர்களை மேரி தம் வாஷிங்டன் இல்லத்தில் கூட்டினார். ராபர்ட் வீவர், வில்லியம் ஹேஸ்டி முதலியோர் இதில் இருந்தனர். முறையான அதிகாரம் எதுவும் இல்லாத இக்குழுவைச் செய்தியாளர்கள் கருப்பு அமைச்சரவை என அழைத்தனர். 1937 ஜனவரியிலும் 1939 ஜனவரியிலும் கறுப்பின இளைஞர்களின் நிலை குறித்து இரு தேசிய மாநாடுகளை மேரி வாஷிங்டனில் நடத்தினார். வேலை, கல்வி, உடல்நலம், வாக்குரிமை ஆகியவை பற்றிய கோரிக்கைகள் அரசிடம் அளிக்கப்பட்டன.

போர்க்காலப் பயிற்சி

1940 முதல் நிர்வாகத்தின் பட்டறைகள் பாதுகாப்புத் தொழில்களுக்கான பயிற்சிக்கூடங்களாக மாறின. பற்றவைப்பு, உலோக வேலை, வானொலி நுட்பம் முதலியவை கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடித்த கறுப்பின இளைஞர்களை ஆலைகள் பல ஏற்க மறுத்தன. பயிற்சி மட்டும் வேலையைத் தந்துவிடாது என்பது இங்குத் தெளிவாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்ததை அடுத்து, 1941 ஜூன் 25 அன்று பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையை ரூசவெல்ட் பிறப்பித்தார். இதன் பின்னர் கப்பல் தளங்களிலும் விமான ஆலைகளிலும் பலர் வேலை பெற்றனர்.

போரினால் வேலையின்மை மறைந்தது. கல்வியில் நடுவண் அரசு தலையிடுவதை விரும்பாதோரும், புதிய நலத்திட்டங்களை எதிர்த்தோரும் ஒன்றுசேர, 1943இல் நாடாளுமன்றம் நிர்வாகத்துக்கான நிதியை நிறுத்தியது. அதுவரை 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் உதவியைப் பெற்றிருந்தனர்.

இறுதிக் காலம்

1945இல் ஐக்கிய நாடுகள் அவையைத் தோற்றுவித்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், டு பாய்ஸ், வால்ட்டர் ஒயிட் ஆகியோருடன் மேரி ஆலோசகராகக் கலந்துகொண்டார். 1952இல் லைபீரியா நாட்டிற்குச் சென்றதன் மூலம், இளமையில் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பயணம் நிறைவேறியது. 1955 மே 18 அன்று டேடோனா பீச்சில் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அவருடைய உடல் கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடு

மேரியின் பணி குறித்து இரு கருத்துகள் உண்டு. தென் மாநிலங்களில் இனவாரியாகப் பிரிக்கப்பட்ட திட்டங்களை அவர் ஏற்றுக்கொண்டு, அவற்றுக்குள் நியாயமான பங்கை மட்டும் கேட்டார் என்பது ஒன்று. பிரிவினையைக் கொள்கையளவில் எதிர்த்துக்கொண்டே, பசியோடு இருக்கும் மாணவர் சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது என்று செயல்பட்டார் என்பது மற்றொன்று. அவர் ஒதுக்கீட்டைக் கேட்டதோடு நில்லாமல், அது கடைசி மாணவரைச் சென்றடையும் வழியையும் கவனித்தார் என்பதை இரு சாராரும் ஏற்கின்றனர்.

தேசிய இளைஞர் நிர்வாகத்தின் டெக்சஸ் மாநில இயக்குநராக 1935 முதல் 1937 வரை இருந்தவர் லிண்டன் ஜான்சன். அவர் குடியரசுத் தலைவரானபின் 1964இல் இயற்றப்பட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டம், ஏழைக் கல்லூரி மாணவர்களுக்குப் படிப்புடன் கூடிய வேலைத் திட்டத்தையும், பள்ளியை விட்டு விலகிய இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி முகாம்களையும் தொடங்கியது. 1930களின் அனுபவம் இவற்றில் தொடர்வதைக் காணலாம்.

நினைவுச் சின்னங்கள்

1974 ஜூலை 10 அன்று வாஷிங்டனின் லிங்கன் பூங்காவில் மேரியின் சிலை திறக்கப்பட்டது. 1985இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அவர் நிறுவிய கல்லூரி 2007இல் பல்கலைக்கழகமாயிற்று. 2022 ஜூலையில் ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றத்தின் தேசியச் சிலை மண்டபத்தில், புளோரிடா மாநிலத்தின் சார்பில் அவருடைய பளிங்குச் சிலை வைக்கப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் தளபதி எட்மண்ட் கெர்பி ஸ்மித்தின் சிலை இருந்த இடத்தை அது பெற்றது. அம்மண்டபத்தின் சிலைத் தொகுப்பில் ஒரு மாநிலத்தின் சார்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் மேரி மெக்லவுட் பெத்தூன் ஆவார்.