மீட்கப்பட்ட மனிதரும் மீட்கப்பட்ட மனையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டன் நகரில், அனகாஸ்டியா ஆற்றைக் கடந்து சென்றால் ஒரு குன்று எதிர்ப்படும். அதன் உச்சியில் தூண்கள் தாங்கிய முகப்புத் தாழ்வாரத்துடன் ஒரு பழைய செங்கல் வீடு நிற்கின்றது. அங்கிருந்து நோக்கினால் நகரமும் நாடாளுமன்றத்தின் குவிமாடமும் தெளிவாகத் தெரியும். தேவதாருக் குன்று என்னும் பொருள்படும் சீடர் ஹில் என்பது அவ்வீட்டின் பெயர். அங்கு வாழ்ந்தவர் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, பேச்சாலும் எழுத்தாலும் ஒரு நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பிய பெருமகனார் அவர். அம்மனிதர் விடுதலை பெற்றதும் பலர் அளித்த கொடையால். அவர் மறைந்தபின் அவ்வீடு அழியாது நிலைத்ததும் பலர் அளித்த கொடையால்.

பிறப்பும் கல்வியும்

டக்ளஸ் மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரைப் பகுதியில் பிறந்தார். அடிமைகளின் பிறந்தநாளை அவர்களுக்கு அறிவிக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. அவர் தம் பிறந்தநாளை அறியாமலே வளர்ந்தார். பிற்காலத்தில் பிப்ரவரி 14ஆம் நாளைத் தாமே தெரிந்துகொண்டார். 1818ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் பிறந்த செய்தியை, அவரை உடைமையாகக் கொண்டிருந்தவனின் கணக்கேடு காட்டுகின்றது. அன்னை ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் உழைத்தமையால் மகனை இரவில் வந்து கண்டு, விடியுமுன் திரும்பிச் செல்வார். அந்தச் சில இரவுகளே தாயுடன் அவர் கழித்த காலம். பாட்டியாரே அவரை வளர்த்தார்.

எட்டு வயதளவில் அவர் பால்டிமோர் நகரத்து வீடொன்றுக்கு ஏவல் செய்ய அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி சோபியா ஆல்ட், முதலில் அன்புடன் அவருக்கு எழுத்துகளைக் கற்பித்தார். கணவர் ஹியூ ஆல்ட் அதனை அறிந்து தடுத்தார். எழுத்தறிந்தவன் அடிமையாக இருக்க ஒருப்படமாட்டான் என்பது அவர் கருத்து. அவர் அஞ்சியதே அச்சிறுவனுக்கு வழிகாட்டியது. விடுதலைக்கான வழி கல்வியில் உள்ளது என்பதை அன்றே உணர்ந்தார் டக்ளஸ்.

அதன்பின் தெருவே அவருக்குப் பள்ளியாயிற்று. ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, அவர்களிடம் பாடம் கேட்டார். பசித்தவர் உணவு பெற்றனர். கல்லாதவர் எழுத்துப் பெற்றார். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், ஐம்பது சென்ட் சேர்த்துச் சொற்பொழிவு நூல் ஒன்றை வாங்கிப் பன்முறை பயின்றார். பிற்காலத்தில் பல்லாயிரவரைக் கட்டிப்போட்ட நாவன்மை அந்நூலில் வேர்கொண்டது.

1838ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், கடலோடி போல் உடையணிந்து, வேறொருவரின் சான்றிதழைக் கையிற்கொண்டு, பால்டிமோரிலிருந்து தொடர்வண்டியேறித் தப்பினார். அப்பயணத்திற்குப் பொருளுதவி செய்தவர் ஆனா மரே என்னும் கறுப்பினப் பெண்மணி. அடிமைத்தளை இல்லாதவர், வீட்டு வேலை செய்து ஈட்டிய சேமிப்பை அவர் மனமுவந்து அளித்தார். நியூயார்க்கில் இருவரும் மணம் செய்துகொண்டனர். பின் நியூ பெட்ஃபர்டு நகரில் குடியேறினர். பெய்லி என்ற குடும்பப் பெயரை விடுத்து டக்ளஸ் என்னும் பெயரை அவர் ஏற்றதும் ஆங்கேதான்.

நூற்றைம்பது பவுன்

அடிமை ஒழிப்பு இயக்கத்தில் சேர்ந்து ஊர்தோறும் உரையாற்றிய டக்ளஸின் பேச்சைக் கேட்டோர், இத்துணைக் கல்வியுடையவர் அடிமையாக இருந்திருக்க இயலுமோ என ஐயுற்றனர். அவ்வையத்தை அகற்ற 1845இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். பிறந்த இடம், உடைமையாளர் பெயர் முதலிய அனைத்தையும் அதில் வெளிப்படையாகக் குறித்தார். நூல் பெரும்புகழ் பெற்றது. அப்புகழே பேரிடரும் ஆயிற்று. சட்டப்படி அவர் இன்னும் பிறருடைய உடைமை; எந்நேரமும் பிடித்துச் செல்லப்படலாம். ஆதலின் கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றார்.

ஆங்கே நியூகாசில் நகரில் எலன் ரிச்சர்ட்சன், ஆனா ரிச்சர்ட்சன் என்னும் மகளிர் இருவர் அவருக்காகப் பொருள் திரட்ட முன்வந்தனர். நண்பர்கள் பலரிடமிருந்து சேர்ந்த தொகை 150 பவுன். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 711 டாலர். அதனை ஹியூ ஆல்டிடம் செலுத்தி, 1846 டிசம்பரில் விடுதலைப் பத்திரம் பெற்றனர். டக்ளஸ் சட்டப்படியும் சுதந்திர மனிதரானார்.

இச்செயலை இயக்கத்தவர் சிலர் கண்டித்தனர். மனிதனை விலைகொடுத்து வாங்குவது, மனிதனுக்கு விலையுண்டு என ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர்கள் வாதம். கொள்கையளவில் அது வலிமையான வாதமே. ஆயினும் டக்ளஸ் அக்கொடையை நன்றியுடன் ஏற்றார். கொடுத்தவர் பெற நினைத்தது ஓர் அடிமையை அன்று, ஒருவருடைய அச்சமற்ற வாழ்வை என்பதை அவர் அறிந்திருந்தார். அயல்நாட்டில் நிலையாகத் தங்கி இன்புற்றிருக்கும் வாய்ப்பையும் விடுத்து, தளையுண்டு கிடந்த தம் மக்களுக்காக 1847இல் தாயகம் திரும்பினார்.

இதழும் இல்லமும்

பிரித்தானிய அன்பர்கள் அளித்த நிதியைக் கொண்டு, அதே ஆண்டு ராச்செஸ்டர் நகரில் ஓர் இதழைத் தொடங்கினார். வடதிசை நோக்கித் தப்பிச் செல்லும் அடிமைகளுக்கு இரவில் வழிகாட்டியது துருவ விண்மீன்; அதன் பெயரையே இதழுக்கு இட்டார். அவருடைய இல்லம், கனடா நாட்டுக்குத் தப்பிச் செல்வோர் ஒருநாள் இருநாள் ஒளிந்து தங்கும் புகலிடமாயிற்று. அவர்களுக்கு உணவும் படுக்கையும் தந்து பேணியவர் ஆனா. உள்நாட்டுப் போர் மூண்டபோது கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்குமாறு அரசைத் தூண்டினார் டக்ளஸ். தம் மைந்தர் லூயிஸ், சார்லஸ் இருவரையும் படைக்கு அனுப்பினார். அதிபர் லிங்கனை நேரிற்கண்டு, கறுப்பின வீரர்க்கு ஒத்த ஊதியம் வேண்டி வாதாடினார். 1865இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்தது.

1872ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ராச்செஸ்டர் இல்லம் தீக்கிரையாயிற்று. குடும்பத்தார் உயிர் பிழைத்தனர். ஆனால் அவர் பேணி வைத்திருந்த இதழ்த் தொகுதிகள் சாம்பலாயின. பல்லாண்டு உழைப்பின் சான்று ஒரே இரவில் மறைந்தது. வீடு அழிந்தால் செங்கல்லும் மரமும் மட்டும் அழிவதில்லை என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டார்.

அதன்பின் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்த டக்ளஸ், 1877இல் தலைநகர்ப் பகுதியின் மார்ஷல் என்னும் உயர்பதவியில் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு 6,700 டாலருக்குச் சீடர் ஹில் வீட்டை விலைக்கு வாங்கினார். அவ்வீட்டைச் சூழ்ந்த குடியிருப்பை முதலில் அமைத்தோர், கறுப்பினத்தவர்க்கு அங்கு மனை விற்கலாகாது என விதித்திருந்தனர். அவ்விதி நிலவிய இடத்தின் உச்சியிலேயே, முன்னாள் அடிமை ஒருவர் இல்லத் தலைவராகக் குடிபுகுந்தார்.

வீட்டை விரிவாக்கி இருபத்தோர் அறைகள் கொண்டதாக்கினார். நூலகம் அமைத்தார். பேரப்பிள்ளைகளுக்கு வயலின் வாசித்துக் காட்டினார். வீட்டின் பின்புறம் ஒற்றை அறைக் கற்குடில் ஒன்றும் இருந்தது. தனித்திருந்து படிக்கவும் எழுதவும் அதனைப் பயன்படுத்தினார். லிங்கன் மறைந்தபின் அவருடைய துணைவியார் அனுப்பிய கைத்தடி அவ்வீட்டில் பேணப்பட்டது. 1882இல் ஆனா மறைந்தார். 1884இல் ஹெலன் பிட்ஸ் என்னும் வெள்ளையினப் பெண்மணியை டக்ளஸ் மணந்தார். ஹெலன் கல்லூரியிற் பயின்றவர். விடுதலை பெற்ற அடிமைகளுக்கு வர்ஜீனியாவில் ஆசிரியையாக இருந்து கற்பித்தவர். ஆயினும் இரு இனத்தாரும் இம்மணத்தைப் பழித்தனர். உற்றாரும் உளம் நொந்தனர்.

1895ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், மகளிர் மாநாடு ஒன்றிற்குச் சென்று வீடு திரும்பிய டக்ளஸ், அன்று மாலையே அவ்வீட்டில் உயிர் நீத்தார்.

ஒரு கையொப்பக் குறை

வீட்டை ஹெலனுக்கு உரியதாக்கி டக்ளஸ் உயில் எழுதியிருந்தார். ஆனால் நிலம், வீடு ஆகியவற்றைக் கொடுக்கும் உயிலுக்குச் சட்டம் வேண்டிய அளவு சாட்சிகள் அதில் கையொப்பமிடவில்லை. ஆதலின் வீட்டைப் பொறுத்தவரை உயில் செல்லாதாயிற்று. பிள்ளைகள் வீட்டை விற்றுப் பங்கிட விரும்பினர். வாழ்க்கைத் தேவையும் பழைய மனக்கசப்பும் உடைய அவர்களைக் குறைகூறுதலும் எளிதன்று. வீடு ஏலத்திற்கோ அயலார் கைக்கோ போகவிருந்த வேளையில், ஹெலன் கடன் வாங்கிப் பிள்ளைகளின் பங்கைத் தாமே விலைக்குப் பெற்றார். கடனுக்கு ஈடாக அவ்வீட்டையே அடமானம் வைத்தார்.

எஞ்சிய எட்டாண்டுகளை அவர் அவ்வொரு நோக்கிற்கே செலவிட்டார். கணவரின் மேசை, நூல்கள், கடிதங்கள், உடைகள் யாவற்றையும் இருந்தபடியே காத்தார். ஊர்தோறும் சென்று உரையாற்றிப் பெற்ற பொருளைக் கடனுக்குச் செலுத்தினார். அவர் முயற்சியால் 1900ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வழி டக்ளஸ் நினைவு வரலாற்றுச் சங்கம் அமைந்தது. அச்சங்கத்திற்கே வீட்டை எழுதி வைத்து, 1903இல் அவர் மறைந்தார். அடமானக் கடன் தீரவில்லை. சங்கத்திற்குப் பெயர் இருந்தது, பொறுப்பாளர் இருந்தனர், பொருள் இல்லை. வட்டியும் பழுதும் ஒருங்கே வளர்ந்தன.

மகளிர் மீட்ட மனை

1916ஆம் ஆண்டு, கறுப்பின மகளிர் கழகங்களின் தேசியச் சங்கம் பால்டிமோர் நகரில் கூடியது. டக்ளஸ் ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்ற அதே நகரம் அது. அங்குத் தலைவியாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் மேரி டால்பர்ட். ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்று ஆசிரியப் பணியாற்றியவர். டக்ளஸின் இல்லத்தை மீட்கும் பொறுப்பை அவர் தலைமையில் மகளிர் சங்கம் ஏற்றது.

அச்சங்கத்தின் வலிமை பெருஞ்செல்வரிடம் இல்லை. ஊர்தோறும் இருந்த சிறு கழகங்களிலும், ஆசிரியைகளும் கைத்தொழில் செய்து பிழைக்கும் மகளிரும் தத்தம் வருவாயிலிருந்து ஒதுக்கிய சிறுதொகைகளிலும் இருந்தது. அவர்களுள் பலர் அடிமைகளாக இருந்தோரின் மக்கள். தனியொருவர் அளித்த மிகப்பெருங் கொடை மேடம் சி.ஜே. வாக்கர் தந்த 500 டாலர். அவருடைய பெற்றோரும் அடிமைகளாயிருந்தவர்களே. துணி வெளுத்து வாழ்ந்த கைம்பெண்ணாகிய அவர், கூந்தல் பராமரிப்புப் பொருள்களைச் செய்து விற்றுச் செல்வம் ஈட்டியவர். பெருங்கொடை அளித்தவரும் சிறுதொகை அளித்தவரும் ஒரே துயரத்தின் வழிவந்தவர் என்பது கருதத்தக்கது.

இரண்டே ஆண்டுகளில் கடன் முழுதும் தீர்ந்தது. 1918இல் டென்வர் நகரில் கூடிய மாநாட்டில், அனைவரும் காண அந்த அடமானப் பத்திரத்தைத் தீயிலிட்டு எரித்தனர். மெழுகுவர்த்தி ஏந்தும் பேறு வாக்கருக்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் இயற்கை எய்தினார். கடன் தீர்ந்ததோடு மகளிர் நிறைவுற்றுவிடவில்லை. மேலும் நிதி திரட்டிப் பழுதுகளைச் செப்பனிட்டனர். 1922 ஆகஸ்டில் இல்லம் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது.

அதன்பின் நாற்பதாண்டுகள் அவ்வில்லத்தைப் பேணியவை அவ்விரு சங்கங்களே. நாளடைவில் பழைய கட்டடத்தின் பழுது அவர்தம் சக்திக்கு மீறியதாயிற்று. 1962இல் நடுவண் அரசின் தேசியப் பூங்காத் துறை அதனை ஏற்றது. விரிவான புதுப்பிப்புக்குப் பின் 1972 பிப்ரவரி 14ஆம் நாள், டக்ளஸ் தமக்கெனத் தெரிந்துகொண்ட பிறந்தநாளில், அது மீண்டும் திறக்கப்பட்டது. அரசு வந்து ஏற்கும்வரை அங்கு ஏற்பதற்கு ஒரு வீடு எஞ்சியிருந்தது. ஹெலனின் பிடிவாதமும் மகளிரின் சிறுதொகைகளும் இன்றேல் அது எஞ்சியிராது.

நியூகாசிலில் 150 பவுன் திரட்டியோர் டக்ளஸின் பிற்காலப் பெருமையைக் கண்டு கொடுத்தாரல்லர்; தப்பி வந்த இளைஞர் ஒருவரின் துயர் கண்டு கொடுத்தனர். பால்டிமோரில் பொறுப்பேற்ற மகளிருள் பலர் அவ்வீட்டின் வாயிற்படியைக்கூட மிதித்திரார். தம் பெயர் அங்கே பொறிக்கப்படும் என்றும் அவர்கள் எதிர்பார்த்தாரல்லர். இன்று அவ்வீட்டிற்கு வரும் பள்ளிச் சிறுவர்கள் டக்ளஸின் மேசையையும் நூல்களையும் வயலினையும் அவர் வைத்த இடத்திலேயே காண்கின்றனர். தாழ்வாரத்தில் நின்று, அவர் நாள்தோறும் நோக்கிய நகரத்தைத் தாமும் நோக்குகின்றனர். கொடுத்தோரின் பெயரை அச்சிறுவர்கள் அறியார். ஆயினும் அவர்கள் ஏறிவரும் படிகளும் நிற்கும் தாழ்வாரமும் அக்கொடையால் நிலைத்தவை.