ஓவியர் பிராங்க் பெல்லமி

இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் சிறு நகரில் 1917ஆம் ஆண்டு பிறந்தவர் பிராங்க் பெல்லமி. ஓவியக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். உள்ளூர் விளம்பர நிலையமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே தொழிலைக் கற்றவர். 1957இல் 'ஈகிள்' வார இதழில் சர்ச்சிலின் வரலாற்றைப் படக்கதையாகத் தீட்டிப் பெயர் பெற்றார்.

1965இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற அறிவியல் தொடர் தொடங்கிற்று. ஜெரி ஆண்டர்சன், சில்வியா தம்பதியரின் படைப்பு அது. நடித்தவை யாவும் கம்பியில் ஆடும் பொம்மைகள்! ஆபத்தில் சிக்கியோரை விந்தை விமானங்களில் சென்று மீட்கும் ஒரு குடும்பத்தின் கதை. சிறுவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட அத்தொடர், 32 கதைகளோடு 1966இல் முடிந்துபோயிற்று.

ஆனால் அவ்வீரர்கள் ஓயவில்லை. 'டிவி செஞ்சுரி 21' இதழில் 1966 முதல் 1969 வரை வாரந்தோறும் அவர்களுடைய புதுக் கதைகளுக்குப் பெல்லமி உயிரூட்டினார். திரையில் நடக்கவே தடுமாறிய பொம்மைகள், அவர் கைபட்டதும் மனிதராகி ஓடின, தாவின. மற்றொரு விந்தையும் உண்டு. தொடர் வண்ணத்தில் எடுக்கப்பட்டிருந்தும், அன்று வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. அவ்விமானங்களின் பச்சையையும் சிவப்பையும் சிறுவர்கள் வாரந்தோறும் கண்டு களித்தது பெல்லமியின் பக்கங்களில்தான்!

1971 முதல் 'டெய்லி மிரர்' நாளிதழில் 'கார்த்' படக்கதையை வரைந்தார். அதுவும் பிறர் தொடங்கியதே. அப்பணியில் இருக்கும்போதே 1976இல், 59ஆம் வயதில், மறைந்தார்.

பிறர் படைத்ததைத் தொடர்பவன் வெறும் நகலெடுப்பவன் என்பார் உளர். விதைத்தவன் ஒருவன், நீர் வார்த்தவன் மற்றொருவன். பயிருக்கு இருவரும் வேண்டும் என்பதைப் பெல்லமியின் வாழ்வு காட்டுகிறது.