புள்ளியால் வரைந்த மடல்

பாரிசை அடுத்த கூப்வ்ரே சிற்றூரில், சேணம் தைப்பவர் ஒருவரின் மகனாக 1809இல் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறைக் கருவி கண்ணில் பாய, ஐந்து வயதிற்குள் இருவிழியும் ஒளியிழந்தன. பதினைந்து வயதில், 1824இல், அவர் வகுத்த ஆறுபுள்ளி எழுத்தை உலகறியும். ஆயின் அவ்வெழுத்துப் பார்வையற்றோர்க்குள்ளேயே வழங்கியது. ஊரிலுள்ள வீட்டாருக்கு மடல் வரைவது எங்ஙனம்? கண்ணுடையார் அதன்முன் எழுத்தறியாதவர் ஆயினரே! 1839இல், உரோமன் எழுத்தின் வடிவையே புள்ளிகளால் அமைக்கும் முறையைக் கண்டார் பிரெயில். புள்ளி புள்ளியாகக் குத்துவதோ பெரும்பாடு. அதனைப் போக்க, பார்வையற்ற நண்பர் பியர் ஃபூக்கோ 1841இல் பொறியொன்று செய்தளித்தார். தட்டச்சுப்பொறி கடைக்கு வருமுன் பிறந்த எழுதுபொறி அது.

காசநோய் 1852இல் பிரெயிலைக் கொண்டுபோயிற்று. நூறாண்டு கழித்து அவர் உடலைப் பாரிசில் சான்றோர் துயிலும் பாந்தியனுக்கு எடுத்துச் சென்றனர். கைகளை மட்டும் கூப்வ்ரே தன்னிடமே வைத்துக்கொண்டது.