நாடி பிடித்த பண்டிதர்

சித்த வைத்தியத்தில் நோயாளியைத் தொடாமல் மருந்து கொடுக்க முடியாது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் எப்படி ஓடுகின்றன என்று பார்த்த பிறகுதான் சூரணமோ லேகியமோ. தொட்டாலே தீட்டு என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவர் சென்னை இராயப்பேட்டையில் பிற சாதியாருக்கும் நாடி பார்த்தார். அவர் அயோத்திதாசப் பண்டிதர். அவரைப் பௌத்தராக, பத்திரிகையாளராக, அரசியல் முன்னோடியாக நாம் பேசுகிறோம். வைத்தியர் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

1845 மே 20இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தவர். வீட்டில் காத்துவந்த திருக்குறள் ஏட்டை அந்தத் துரை மூலமாக எல்லிஸ் கையில் சேர்த்தவரும் அவரே. பேரன் வளர்ந்தது நீலகிரியில். கல்வி கொடுத்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசர். அந்தப் பெயரையே மாணவர் தமக்குச் சூட்டிக்கொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலமும் கற்றார்.

திரு.வி.க. சிறுவனாக இருந்தபோது நோய் கண்டு கைகால் முடங்கி, பள்ளிப் படிப்பும் நின்றுபோனது. அவரைக் குணப்படுத்தி எழுந்து நடக்கவைத்தவர் பண்டிதர். திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். பின்னாளில் சென்னைத் தொழிலாளர்களின் முன்னால் நின்று பேசிய அந்தக் கால்களுக்கு மருந்து கொடுத்த வைத்தியர் ஒரு தலித் என்பதை நம் பாடப்புத்தகங்கள் உரக்கச் சொல்வதில்லை. இது பண்டிதருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நம் கிராமங்களில் பேறுகாலம் பார்த்த கைகளில் பல சேரிப் பெண்களின் கைகள். பிள்ளையை வெளியே எடுக்கும்வரை அந்தக் கை வேண்டும். எடுத்த பிறகு அதே கை வாசலைத் தாண்டக் கூடாது.

ஒரே தெருவில் இருந்துகொண்டு தாத்தாவுக்கும் பேரனுக்கும் மருந்து கொடுப்பவரிடம் பெரிய மருத்துவமனைக்குத் தெரியாத அறிவு சேரும். இங்கிலாந்தில் ஆய்ஸ்கார்த் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ், யார் யாரைச் சந்தித்த பிறகு யாருக்கு மஞ்சள் காமாலை வந்தது என்று ஊர் ஊராகக் குறித்துவைத்து, 1939இல் புத்தகமாக்கினார். குடும்ப மருத்துவ ஆய்வுக்கு அது முன்னோடி நூல். தெருவில் நடந்தபடியே நோயை ஆராயலாம் என்று அவர் காட்டினார்.

பண்டிதர் அப்படிப் பட்டியல் போட்டவர் அல்லர். ஆனால் பண்டிகைகளை அவர் வாசித்த விதத்தில் வைத்தியர் தெரிகிறார். பௌத்த மடத்தார் எள்ளிலிருந்து நெய் எடுத்து, அதன் மருத்துவக் குணத்தைச் சோதித்து, மக்களுக்கு அறிவித்த நாள்தான் தீபாவளி என்றார். கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய்யோடு சேர்த்துச் சொன்னார். இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெய்க் குளியலுக்குப் பின்னால் யாரோ செய்த சோதனை இருக்கும் என்று கேட்டாரே, அந்தக் கேள்வி மருத்துவனுடையது. நம் பக்கத்தில் சதுரகிரி மலையேறி மூலிகை கொண்டுவந்தவர்களின் அறிவையும் யாராவது இப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

1891 டிசம்பர் 1இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் போட்டார். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தடையின்றித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நிலமற்றவர்களுக்குத் தரிசு நிலம் கேட்டார். 87 ஆண்டுகள் கழித்து, 1978இல், அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் என்றால் என்ன என்று எழுதின. மருந்துக்கும் தடுப்பூசிக்கும் பக்கத்திலேயே நல்ல தண்ணீர், சத்தான உணவு, சுகாதாரக் கல்வி என்று பட்டியல் போட்டன. கிணற்றில் குடம் முக்க முடியாதவனுக்கு எந்தச் சூரணமும் நிற்காது என்பது பண்டிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசிக் காணொளியில் உலகமே பார்த்து வியந்த தண்ணீர் நம் கூமாப்பட்டித் தண்ணீர். தண்ணீர் இருப்பது வேறு, அதில் எல்லாரும் இறங்க முடிவது வேறு.

1898இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19இல் ஒரு பைசாத் தமிழன் வார இதழைத் தொடங்கினார். ஒரு பைசாவுக்கு விற்றது, கூலிக்காரனும் வாங்கட்டும் என்றுதான். அடுத்த ஆண்டு அதன் பெயர் தமிழன் ஆனது. 1914 மே 5இல் காலமாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் மீது ஒரு விமர்சனம் உண்டு. அருந்ததியர் போன்ற மக்களைத் தம் பூர்வ பௌத்தர் வரிசையில் அவர் சேர்க்கவில்லை. அந்த விமர்சனம் நியாயமானது. நம் மாவட்டத்தில் அவரைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

2005இல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகள் என்ற பெயரில் வெளியிட்டது. இங்கிருந்து காலைப் பேருந்து பிடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் நூலகத்தில் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். தீபாவளிக் கட்டுரையிலிருந்து தொடங்குவது எளிது.